விலாசமற்ற உரைநடை

எழுத்தாளன் எதைத் தின்று உயிர் வாழ்கிறான் என்ற கேள்வியை நம் விமர்சனம் கேட்டதாக ஞாபகமில்லை. கேட்பது அநாகரிகம் என்று நினைத்திருக்கலாம். ஒரு கவிதையில் படிமம் எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று நாலு பக்கம் எழுதத் தெரிந்த நமக்கு, அதை எழுதியவன் அந்த மாத வாடகையை எப்படிக் கொடுத்தான் என்பது தெரியாது. தெரிந்தாலும் அது வம்பு, விமர்சனமல்ல. எல்லோருக்கும் உள்ளூரப் பதில் தெரியும் என்பதும் காரணமாக இருக்கலாம். தபாலாபீஸ், டெலிபோன் இலாகா, ரயில்வே, கல்லூரி, பாங்க். தமிழில் நவீன இலக்கியம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் கணிசமான பகுதி மாதச் சம்பளக்காரர்களின் மாலை நேரங்களில் எழுதப்பட்டது. நானும் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறவன். பாங்கில் குமாஸ்தா. (நியமன உத்தரவில் இப்போது அந்தச் சொல் கிடையாது; ஏதோ அலங்காரமான பதவிப் பெயர் வந்திருக்கிறது. செய்கிற வேலை குமாஸ்தா வேலைதான்.) ஆறு மணிக்குப் பிறகு எனக்கு ஒரு மூளை இருப்பதைப் பாங்க் ஆட்சேபிப்பதில்லை. அது எனக்குத் தருகிற சலுகைகளில் பெரியது இதுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே போன ஒருவனைப் பற்றி எழுத உத்தேசம். நம் வட்டத்தைச் சேர்ந்தவன், கவிஞன். பெயர் சொல்லப் போவதில்லை. 2014இல், சென்னையில் ஒரு தனியார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு மடிக்கணினி, ஒரு முதுகுப்பை, இரண்டு சிம் கார்டுகளுடன் கிளம்பினான். வர்க்கலா, கோகர்ணா, பிறகு வடக்கே தரம்கோட், பீர், இடையில் இரண்டு தடவை நேபாளத்தில் போக்ரா. எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான்: அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற, அவன் முகம் பார்த்திராத ஆட்களுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக் கொடுப்பது. மெத்தை, நாய்த் தீனி, பல் வெளுக்கும் பசை, ஜீவனாம்ச வழக்குகள். சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. ஆரம்பத்தில் ஒன்றரை, நல்ல காலத்தில் மூன்று. யார் பெயரில் வரும் என்று அவனுக்குத் தெரியாது. பெரும்பாலும் யார் பெயரிலும் வராது.

அவன் கணக்கு எங்கள் கிளையில் இருக்கிறது. அம்மா ஊருக்குப் பக்கத்துக் கிளை என்பதால் அப்படி அமைந்தது. வாடிக்கையாளர் கணக்கைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இதை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் அது எதற்காக வந்தது என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் உண்டு, பர்ப்பஸ் கோடு என்போம். வளைகுடாவிலிருந்து மகன் வீட்டுக்கு அனுப்பினால் பி1301, குடும்பப் பராமரிப்பு. கம்ப்யூட்டர் ஆலோசனை என்றால் பி0802. நிர்வாக ஆலோசனை, மக்கள் தொடர்பு பி1006. விளம்பரம், சந்தை ஆய்வு பி1007. எழுத்துக்கூலி என்று தனியாக ஒரு வரி என் கண்ணில் பட்டதில்லை. பி0902இல் மட்டும் ‘கையெழுத்துப் பிரதி’ என்று ஒரு சொல் வருகிறது. மூலப் படைப்பைப் பிறர் பயன்படுத்த உரிமம் கொடுத்துப் பெறுகிற பணம் அது. முதல் தடவை அவன் எந்தக் கோடு போடுவது என்று தொலைபேசியில் கேட்டபோது, ஆசைக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “அதுக்கு எழுதினது என்னோடதா இருக்கணும்டா” என்றான். பி1007 போட்டோம். விளம்பரம். இன்றுவரை அதுதான்.

இந்த மாதிரி ஜீவனத்துக்கு ‘டிஜிட்டல் நாடோடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய செமிகண்டக்டர் பொறியாளர் ட்சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மானர்ஸும் 1997இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார்கள். கருவிகள் சிறுத்து, தகவல் தொடர்பு எங்கும் கிடைக்கும்போது, மனிதன் ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டிய அவசியம் போய்விடும் என்பது அதன் சாரம். சொன்னபடி நடந்துவிட்டது. ஆனால் தமிழில் நாடோடி என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தபோது, ஓரிடத்தில் தங்காமல் அலைகிறவன் என்பதே சந்தேகத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. சென்னை ராஜதானிக்கு அது 1911இல் வந்தது. நாடு முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று. இப்போது அதே அலைச்சலுக்குச் சர்க்கார்கள் விசா கொடுக்கின்றன. எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் ஆரம்பித்தது. மாதம் 3,504 யூரோ வருமானம் காட்ட வேண்டும் என்று அப்போது நிபந்தனை. அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாது. தாய்லாந்து 2024இல் ஐந்து வருஷ விசா ஒன்றை அறிவித்தது. ஐந்து லட்சம் பாட் கையிருப்பு கேட்டது. என் நண்பனின் நல்ல மாதம் அறுபத்தைந்தாயிரம் ரூபாய். ஆகவே உலகம் அவனுக்கு ஹிமாசலத்தோடு நின்றது. கூடுதலாக, விசா கேட்காத நேபாளம். நாடோடிகளிலும் சாதி இருக்கிறது. அது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

இந்த வகையில் முதல் ஆள் என்று சொல்லத்தக்கவர் ஸ்டீவன் ராபர்ட்ஸ். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக்காரர். 1983இல் வீட்டையும் சாமான்களையும் விற்றுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற ஒரு சைக்கிளில் கிளம்பினார். சைக்கிளில் சூரியத் தகடு, அந்த வருஷம்தான் கடைக்கு வந்திருந்த ரேடியோ ஷாக் மாடல் 100 கம்ப்யூட்டர். வழியில் பொதுத் தொலைபேசியில் அதைப் பொருத்தி, கம்ப்யூசெர்வ் வலைப்பின்னல் வழியாகக் கட்டுரைகளை அனுப்புவார். ஊரில் ஒரு உதவியாளர் அவற்றை வாங்கிப் பத்திரிகைகளுக்குச் சேர்ப்பார், கணக்கு வழக்கைப் பார்ப்பார். ஒன்றரை வருஷத்தில் பத்தாயிரம் மைல். 1986இல் செய்த அடுத்த சைக்கிளில் கைப்பிடியிலேயே விசைகள், மிதித்துக்கொண்டே எழுதலாம். முதல் பயணத்தைப் புத்தகமாக எழுதினார், 1988இல் வந்தது.

இதை நண்பனுக்கு ஒருமுறை சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “அந்த ஆள் ரோட்டை வித்தான்” என்றான். அதற்குமேல் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ராபர்ட்ஸின் சரக்கு அவர் பயணம்தான். எந்த ஊர், என்ன காற்று, யார் சோறு போட்டார்கள், சங்கிலி எங்கே அறுந்தது. என் நண்பனுக்கோ சரக்கு விலை போக வேண்டுமானால் ரோடு தெரியக்கூடாது. எழுதியவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற வாடை வாக்கியத்தில் அடிக்கக்கூடாது. அமெரிக்க எழுத்திலக்கணம், அமெரிக்க உதாரணங்கள், அமெரிக்கப் பருவ காலங்கள். தை மாதத்தில் உட்கார்ந்து அவர்களுடைய வசந்த காலத்தை எழுத வேண்டும். அதையும் இரண்டு மாதம் முன்னதாக.

நாங்கள் அவன் வாழ்க்கையைப் புகைப்படங்களில் பார்த்துப் பொறாமைப்பட்டோம். நான்கூடத்தான். பீர் என்பது காங்ரா ஜில்லாவில், தௌலாதார் மலையடிவாரத்தில், திபெத்திய அகதிகள் குடியேறிய ஊர். மேலே பில்லிங் என்ற இடத்திலிருந்து ஆட்கள் பாராசூட் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு குதித்து, கீழே வயல் பக்கமாக வந்து இறங்குவார்கள். 2018இல் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுப் போய் அவனோடு இருந்தேன். அங்கேதான் அந்தப் பிழைப்பின் ஸ்தூலமான விவரங்கள் தெரிந்தன. நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அவர்கள் காலையில் காப்பி குடிக்கும்போது இங்கே இருட்டுகிறது. அவன் மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்து விடிகாலை மூன்று வரை வேலை செய்தான். மலையில் வெயில் அடிக்கிற நேரம் முழுவதும் தூங்கினான். ஜன்னலுக்கு உள்பக்கம் கறுப்புத் துணி அடித்திருந்தான், வெளிச்சம் வராமல் இருக்க. உலகத்தின் அழகான ஜன்னல்களில் ஒன்று அது.

அறை தேடும்போது அவன் பார்ப்பது என்ன என்று கேட்டேன். முதலில், கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும். இரண்டாவது, போன் சிக்னல் எத்தனை கோடு. மூன்றாவது, நாற்காலிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கிறதா. மூன்றாவது எனக்குப் புரியவில்லை. அவ்வப்போது திரையில் முகம் காட்டிப் பேச வேண்டியிருக்கும். பின்னால் எதுவும் தெரியக்கூடாது. மரச்சுவரும் திபெத்தியக் கொடிகளும் தெரிந்தால் இவன் விடுமுறையில் இருக்கிறான் என்று நினைப்பார்கள். விடுமுறையில் இருப்பவனுக்கு அவசர வேலை தரமாட்டார்கள். நாய் குரைக்கக்கூடாது, மடத்தில் ஊதுகொம்பு ஊதக்கூடாது. ஊர் ஊராகப் போகிறவன், எல்லா ஊரிலும் ஒரே வெள்ளைச் சுவரைத் தேடி வாடகை கொடுக்கிறான்.

மணிக்கணக்குக் கூலி என்றால் இன்னொரு சடங்கு. அவன் வேலை எடுத்த தளத்தில் ஒரு கருவி உண்டு. (விமர்சனத்தில் ‘தளம்’ என்ற சொல்லை நாம் எந்த அர்த்தமுமில்லாமல் தேய்த்துப் போட்டோம், கடைசியில் அதற்கு ஒரு திட்டவட்டமான அர்த்தம் கிடைத்துவிட்டது.) பத்து நிமிஷத்துக்குள் ஏதாவது ஒரு கணத்தில், முன்னறிவிப்பில்லாமல், அவன் திரையை அது படம் பிடிக்கும். விசைகளை எத்தனை தரம் தட்டினான், சுட்டெலியை எத்தனை தரம் அசைத்தான் என்று எண்ணும். யோசித்துக்கொண்டு சும்மா இருந்தால் அந்தப் பத்து நிமிஷம் வெற்றாகத் தெரியும். ஆகவே யோசிக்கும்போது சுட்டெலியை லேசாக அசைத்துக்கொண்டே இருக்கப் பழகியிருந்தான். சாப்பிடும்போதும் அவன் வலது கை மேஜைமேல் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கள் பாங்கில் கவுண்ட்டருக்குமேல் காமிரா இருக்கிறது. அது நான் பணத்தை எடுக்கிறேனா என்று பார்க்கிறது. நான் யோசிக்கிறேனா என்று பார்ப்பதில்லை.

கூலியைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். எலியட் 1917இலிருந்து 1925 வரை லாயிட்ஸ் பாங்கில் இருந்தார் என்பதை நாங்கள், பாங்க் எழுத்தாளர்கள், ஒரு வம்சாவளிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். 1922இல் எஸ்ரா பவுண்ட், நண்பர்களிடம் வருஷச் சந்தா பிரித்து எலியட்டைப் பாங்கிலிருந்து மீட்க ஒரு திட்டம் போட்டார். எலியட்டுக்குக் கூச்சம் தாங்கவில்லை. மூன்று வருஷம் கழித்து விலகியபோதும் போனது இன்னொரு சம்பளத்துக்குத்தான், பதிப்பகத்தில். சம்பளம் என்பதில் ஒரு கௌரவமான அலட்சியம் இருக்கிறது. அது உன் நேரத்தை வாங்குகிறது. உன்னை வாங்கச் சிரமப்படுவதில்லை. சுதந்திரமாகத் தொழில் செய்கிறவன் நேரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறான் என்கிறார்கள். அவன் எதை விற்கிறான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

க.நா.சு. விற்றார். உத்தியோகம் என்று எதையும் ஏற்காமல், எழுதியே காலம் தள்ளினார். டில்லியில் இருந்த வருஷங்களில் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு எழுதிய கட்டுரைகள்தாம் பெரும்பாலும் சோறு போட்டன. அவற்றில் பல அவசரத்தில் எழுதினவை. எல்லாம் ஒரே தரம் என்று அவருடைய பக்தர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவை க.நா.சு.வின் கட்டுரைகள். தமிழ் இலக்கியத்தைப் பற்றித் தமிழ் தெரியாதவனிடம், தன் பெயரைப் போட்டு, தன் விருப்பு வெறுப்போடு பேசினார். வயிற்றுக்காக எழுதினாலும் எழுதியதில் ஆள் இருந்தார்.

நண்பனுக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறவர் போர்ச்சுகீசியக் கவிஞர் பெஸோவா. சிறு வயதில் டர்பனில் ஆங்கிலப் படிப்பு. 1905இல் லிஸ்பனுக்குத் திரும்பியபின் அநேகமாக அந்த ஊரைவிட்டு நகரவில்லை. எந்த ஆபீஸிலும் கட்டுப்படாமல், பல வியாபாரக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். 1935இல் செத்தபோது ஒரு பெட்டி நிறைய, இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள். பல பெயர்களில், பல ஆட்களாக எழுதியவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். நண்பன் ஒருமுறை கேலியாக, “எனக்கும் நாற்பது ஐம்பது பேர் இருக்காங்க. ஓகையோவில ஒரு பல் டாக்டர், டெக்ஸாஸ்ல ரெண்டு குழந்தை பெத்த ஒருத்தி” என்றான். கேலி சரிதான், ஒப்புமை சரியில்லை. பெஸோவாவின் ஆட்கள் அவருடைய சொத்து. இவனுடைய ஆட்கள் மற்றவர்களுக்கு விற்ற சொத்து. அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. சரக்குக் கப்பல் எப்போது வரும் என்று கேட்கிற வியாபாரக் கடிதம் பெஸோவாவிடம் ஆங்கிலத்தை மட்டும்தான் கேட்டது. அவர் பால்யத்தைக் கேட்கவில்லை.

2019இல் பீரிலிருந்து பதினோரு கவிதைகள் அனுப்பினான், இந்த இதழுக்காக. ஐந்து வருஷ மௌனத்துக்குப் பிறகு. நானும் ஆசிரியரும் படித்தோம். ஒன்பது கவிதைகள் செத்திருந்தன என்பது என் அபிப்பிராயம். அவனிடமும் அப்படியே சொன்னேன். அவை மோசமாக இல்லை, தெளிவாக இருந்தன. ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், மூன்று வரிக்கு ஒரு இடைவெளி, கடைசியில் கொண்டுபோக ஒரு சிறு பொட்டலம். இணையத்துக்கு எழுதுகிறவனுக்குச் சொல்லித் தரப்படுகிற விதிகள் இவை. படிக்கிறவன் கண் எங்கும் தடுக்கக்கூடாது. அவனுடைய முதல் தொகுப்பில் - நாற்பத்தெட்டுப் பக்கம், இருநூறு பிரதி - கண் தடுக்கிக்கொண்டே இருக்கும். நுணா, கோரை, வெட்டாற்றில் தண்ணீர் வடிந்தபின் மணலில் நிற்கிற வரிகள். பீரிலிருந்து வந்தவற்றில் மரம் என்று இருந்தது. தேவதாரு என்றுகூட இல்லை.

இதற்கு நம்மிடையே ஒரு ஆட்சேபம் எழும், எழுந்தது. மரத்தின் பெயர் சொல்வதுதான் கவிதையா, அப்படியானால் வட்டார அகராதி போடலாமே என்று. நியாயம். பெயரில் ஒன்றுமில்லை. ஒரு சொல் அதை எழுதுகிறவனை எவ்வளவு எதிர்க்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நுணா என்று எழுதும்போது அவனுக்கு அந்த மரத்தோடு ஒரு கணக்கு இருந்தது. மரம் என்று எழுதும்போது யாரோடும் ஒரு கணக்கும் இல்லை. தினம் இரண்டாயிரம் சொற்கள், எதிர்ப்பில்லாத சொற்களாகப் பொறுக்கி எழுதுகிற கை, இரவு மூன்று மணிக்குப் பிறகு வேறு கையாக மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது மூடநம்பிக்கை.

பாக்கி இரண்டு கவிதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது புலம்பலாகிவிடும். ஒன்று, யோசிக்கும்போது எலியை அசைக்கிற அந்தக் கையைப் பற்றியது. இன்னொன்று, தூங்குகிற பகல்களில் ஜன்னல் துணியின் நூலிழைகளுக்கு நடுவே மலை தெரிவதைப் பற்றியது. இவை தமிழில் யாரும் எழுதாதவை. சம்பளத்தில் இருக்கிற நம்மில் யாரும் எழுதியிருக்க முடியாதவை. ஊர் இழந்தவன் கவிதை நம்மிடம் நிறைய இருக்கிறது. ஊரும் இருந்து, வேறு ஊருக்கும் வந்து, இரண்டிலும் இல்லாமல் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருக்கிறவனின் கவிதை அதற்குமுன் இல்லை. இரண்டையும் பிரசுரித்தோம். பதினோரு கவிதையில் இரண்டு என்பது மோசமான விகிதமல்ல.

நடுவில் பாங்க் சம்பந்தப்பட்ட ஒன்று. 2021 கடைசியில் அம்மா வீட்டு ஓட்டை மாற்றக் கடன் கேட்டு வந்தான். ஏழு வருஷமாக மாதாமாதம் டாலர் வந்த கணக்கு. சம்பளச் சீட்டு எங்கே என்றார் மேனேஜர். என்ன தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது: வக்கீல், டாக்டர், என்ஜினீயர், கணக்காயர், வீட்டு அலங்காரம் செய்கிறவர், சினிமாக் கலைஞர். சினிமாக் கலைஞரில் பாட்டு எழுதுகிறவர், கதை எழுதுகிறவர், வசனம் எழுதுகிறவர் எல்லோரும் அடக்கம். சும்மா எழுதுகிறவன் இல்லை. சினிமாவுக்கு வெளியே எழுத்து என்று ஒன்று இருப்பதாகச் சட்டத்துக்கும் படவில்லை, நம் ஜனங்களைப் போலவே. கடைசியில் அம்மாவின் நகையில் கடன் வாங்கினான். நகைக்குத் தொழில் கேட்பதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த கோடைக்குள் அவனுக்கு வழக்கமாக வேலை தந்த ஆறு பேரில் நாலு பேர் நின்றுபோனார்கள். காரணம் கேட்டு எழுதினான். ஒருவர்தான் பதில் போட்டார், மரியாதையாக. எந்த வாடையும் இல்லாத, எங்கேயும் உட்கார்ந்து எழுதாத, கண் தடுக்காத ஆங்கிலத்தை யந்திரம் நொடியில் எழுதியது. இவன் ஒன்பது வருஷம் பாடுபட்டு அடைந்த ஸ்திதி அதற்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. சொல்லுக்கு மூன்று சென்ட் ஒன்றுக்கு வந்தது. வந்த வேலையும் வேறு. யந்திரம் எழுதியதை அனுப்புவார்கள். இதை மனிதன் எழுதினது மாதிரி ஆக்கிக் கொடு.

எப்படி ஆக்குவது? அதற்கும் குறிப்பு வந்தது. சொந்த அனுபவம் சேர்க்க வேண்டும். சின்ன ஞாபகம், பாட்டி, தாத்தா, ஒரு மணம், ஒரு சத்தம். எவற்றைச் சுரண்டி எடுப்பதற்காக இதுவரை காசு கொடுத்தார்களோ அவற்றையே இப்போது பூசச் சொன்னார்கள். படிக்கிற எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் தொலைபேசியில் சிரித்தான். அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

மெத்தை கம்பெனி ஒன்றுக்கு, நல்ல தூக்கத்தைப் பற்றி எண்ணூறு சொல். பின்னிரவு இரண்டு மணி, ஒன்றும் ஓடவில்லை. அவனுக்குத் தாத்தா ஞாபகம் வந்திருக்கிறது. அறுப்புக் காலத்தில் களத்தில் நெல் அம்பாரத்துக்குக் காவலாகத் தாத்தா படுப்பார்; பேரனும் கூடப் போய்ப் புது வைக்கோலில் படுப்பான். பகல் வெயில் முழுவதும் வைக்கோலுக்கு உள்ளே இருக்கும். மூன்றாம் சாமம் வரை அடியிலிருந்து மெல்ல மேலே வரும், யாரோ கீழே படுத்திருக்கிற மாதிரி. இதை எழுதினான். களத்துமேட்டை ஓஹையோவில் ஒரு தானியக் கொட்டகையாக மாற்றினான். சூடு அப்படியே இருந்தது. கம்பெனிக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு வருஷத்தில் வந்த முதல் பாராட்டு. ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். வைக்கோலில் படுத்தால் உடம்பெல்லாம் சுணைக்கும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. சுணைக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் அரிப்பு என்று போட்டிருந்தான். மெத்தை வாங்க வருகிறவனுக்கு அரிக்கக்கூடாது. எடுத்துவிடச் சொன்னார். எடுத்தான். எட்டு டாலர். பி1007.

போன மாதம் இந்த இதழுக்கு ஒரு கவிதை அனுப்பினான், களத்தில் தாத்தாவோடு படுத்ததைப் பற்றி. நான் படித்த அவன் கவிதைகளில் சிறந்தது. பழைய கை திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். இது பழைய கையும் அல்ல. வாக்கியங்கள் குட்டையாக, இணையக்காரன் வாக்கியங்களாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் எதன்மேலோ முட்டி நிற்கிறது. அதில் அந்தச் சூடு வருகிற இரண்டு வரிகள் உண்டு. ஒரு வாரம் கழித்து இன்னொரு பிரதி வந்தது. அந்த இரண்டு வரிகள் இல்லை. சுணை மட்டும் இருக்கிறது.

தொலைபேசியில் கேட்டேன். வேலை ஒப்பந்தத்தில், பணம் கைமாறியதும் எழுதியது முழுவதும் வாங்கினவருக்குச் சொந்தம் என்று ஒரு ஷரத்து இருக்கிறதாம். நான் அது வாக்கியங்களைப் பற்றியது, ஆங்கில வாக்கியங்களைப் பற்றியது என்றேன். உன் தாத்தாவை எந்தக் கோர்ட்டும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்காது என்றேன். மெத்தைக்காரன் தமிழ்ச் சிறுபத்திரிகை படிக்கிறானா என்றும் கேட்டேன்.

“அவனுக்காக இல்லடா” என்றான். “வித்ததை எப்படித் திரும்ப என்னோடதுன்னு போடறது?”

விமர்சகனாக எனக்கு இதில் சந்தேகமில்லை. இரண்டாவது பிரதி நொண்டுகிறது. சூடு இல்லாமல் சுணை மட்டும் நின்றால், அந்த உடம்பு ஏன் விடியும்வரை அங்கேயே படுத்திருந்தது என்பது தெரியாமல் போகிறது. முதல் பிரதியைத்தான் போட வேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதினேன். கவிஞன் திரும்பப் பெற்றதைப் பிரசுரிக்க நமக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கிறார். அதுவும் சரிதான். இரண்டு பிரதிகளும் என் மேஜையில், பாங்க் டயரிக்குள் இருக்கின்றன. நண்பன் இப்போது ஊரில் இல்லை. ஸ்பிட்டி பக்கம் போவதாகச் சொல்லியிருந்தான், அங்கே எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை. இதழ் அச்சுக்குப் போக இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.